தொண்ணூற்றொன்பதில் வடக்கே

கலிபோர்னியாவில் தெற்கேயிருந்து வடக்கே போகக் கடலோரச் சாலை ஒன்று உண்டு; அது அழகு பார்க்கப் போகிறவர்களுக்கு. ஐந்தாம் எண் நெடுஞ்சாலை உண்டு. அது அவசரமாகப் போகிறவர்களுக்கு. இரண்டையும் விட்டுவிட்டு 99-ஆம் எண் மாநிலச் சாலையில் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நம் ஊர் மளிகைக் கடையில் விற்கிற பாதாமும், அமெரிக்கக் குழந்தைகளின் மதிய உணவுப் பெட்டியில் இருக்கிற உலர்திராட்சையும் விளைகிற மத்தியப் பள்ளத்தாக்கின் ஊர்களை ஒன்றுவிடாமல் தொட்டுக்கொண்டு போகிற சாலை அது.

காரை ஓட்டிய என் அக்கா மகனுக்கு இதில் விருப்பமே இல்லை. சேக்ரமெண்டோவுக்குப் பக்கத்தில் அவன் வீடு. "அஞ்சுல போனா ஆறு மணி நேரத்துல வீட்ல இருக்கலாம் மாமா. தொண்ணூத்தொம்பதுல லாரிதான் ஓடும். பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றான். "நீ ஓட்டுடா, நான் காட்டறேன்" என்றேன்.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிளம்பி, டெஹோன் கணவாயைத் தாண்டி கிரேப்வைன் சரிவில் இறங்கினால் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. செப்டம்பர் மாதம்; பயிருக்கு மேலே மஞ்சள் புழுதி படலமாக நின்றது. இறங்கிய சிறிது தூரத்தில் வீலர் ரிட்ஜ். அங்கே ஐந்தாம் எண் சாலை மேற்கே ஒதுங்கிக்கொள்கிறது. 99 பிரிந்து நேர் வடக்கே பேக்கர்ஸ்ஃபீல்டை நோக்கிப் போகிறது. அங்கிருந்து ஃப்ரெஸ்னோ, மெர்செட், மொடெஸ்டோ, ஸ்டாக்டன், சேக்ரமெண்டோ, யூபா சிட்டி, சிக்கோ என்று நீண்டு, ரெட் பிளஃப் அருகே முடிகிறது. மொத்தம் சுமார் 425 மைல், அதாவது 680 கிலோமீட்டர்.

இந்த ஊர்களை இணைக்கச் சாலை வந்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் முன்னால் வந்தது ரயில். 1870-களின் தொடக்கத்தில் ரயில் கம்பெனி பள்ளத்தாக்கின் கிழக்குப் பக்கமாகத் தண்டவாளம் போட்டபோது, மொடெஸ்டோ, மெர்செட், ஃப்ரெஸ்னோ எல்லாம் அதன் ஓரத்தில் முளைத்தன. பின்னால் வந்த சாலை தண்டவாளத்தை ஒட்டியே போடப்பட்டது. இன்றும் பல இடங்களில் சரக்கு ரயில் நம்மோடு கூடவே வருகிறது.

1910-இல் மாநில வாக்காளர்கள் 1 கோடியே 80 லட்சம் டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்த பிறகுதான் கலிபோர்னியாவில் மாநிலச் சாலைகள் ஒழுங்காக உருவாகத் தொடங்கின. 1915-இல் மலைமேல் 'ரிட்ஜ் ரூட்' திறக்கப்பட்டு, லாஸ் ஏஞ்சலிஸும் பள்ளத்தாக்கும் நேராக இணைந்தன. வளைவுக்கு மேல் வளைவாக, பிரேக் பிடிக்காமல் வண்டிகள் உருண்ட பாதை அது. 1926-இல் தேசிய எண்கள் கொடுக்கப்பட்டபோது மெக்சிகோ எல்லையில் உள்ள கலெக்சிகோவிலிருந்து கனடா எல்லையில் உள்ள பிளெய்ன் வரைக்கும் ஒரே சாலை, எண் 99. 1947-இல் பெட்ரோல் வரியை உயர்த்தி ஃப்ரீவே கட்டப் பணம் ஒதுக்கும் சட்டம் வந்தது. அதன்பின் ஊர் ஊராகச் சுற்றுவழி போட்டு, சிக்னல்களை எடுத்து, ஃப்ரீவேயாக மாற்றிக்கொண்டே போனார்கள். 1964-இல் சாலைகளுக்கு மறு எண் கொடுத்தபோது தேசிய 99 மாநில 99 ஆனது. 1972-இல் மேற்கே ஆளில்லாத புன்செய் வழியாக ஐந்தாம் எண் சாலை முழுமையடைந்ததும், தூரப் பயணிகள் அங்கே போய்விட்டார்கள். பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களுக்கும் அவர்களுடைய சரக்குக்கும் 99 மிஞ்சியது.

பழைய சாலை பல ஊர்களில் 'கோல்டன் ஸ்டேட்' என்ற பெயரில் ஊருக்குள் இன்னும் கிடக்கிறது. பூட்டிய மோட்டல்கள், பெயிண்ட் உரிந்த பெட்ரோல் பங்க்குகள், மெக்சிகோ பலகாரக் கடைகள். ஃப்ரீவேயிலிருந்து இவை எதுவும் தெரியாது. நடுத்திட்டில் வரிசையாக அரளி நிற்கிறது. ஆம், நம் நாற்கரச் சாலைகளின் நடுவே பார்க்கிற அதே அரளிதான். தண்ணீர் அதிகம் கேட்காது, எதிர்வண்டி வெளிச்சத்தை மறைக்கும், ஆடுமாடு வாய் வைக்காது. சிவப்பும் வெள்ளையுமாக அது பூத்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு இந்தச் சாலை அந்நியமாகத் தோன்றவில்லை.

பேக்கர்ஸ்ஃபீல்ட் எண்ணெய் ஊர். 1899-இல் கெர்ன் ஆற்றங்கரையில் எண்ணெய் கண்டார்கள். இன்றும் தலையாட்டிக்கொண்டே இறைக்கும் பம்புகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. எனக்கு அதைவிட முக்கியம், ஊருக்குத் தென்கிழக்கே ஆர்வின் பக்கத்தில் உள்ள வீட்பேட்ச் முகாம். 1930-களில் வறட்சியும் புழுதிப்புயலும் விரட்ட, ஓக்லஹோமா, டெக்சஸ், ஆர்கன்சாஸ் மாநிலங்களின் விவசாயிகள் தட்டுமுட்டுச் சாமான்களைப் பழைய கார்களில் கட்டிக்கொண்டு இங்கே வந்தார்கள். பருத்தி எடுக்க, பழம் பறிக்க, 99-இன் ஓரமாகவே ஊர் ஊராக நகர்ந்தார்கள். சாலையோரத்தில் டயர் போய், பெட்ரோல் தீர்ந்து நின்ற குடும்பங்களை டொரோத்தியா லாங் படம் பிடித்தார். மத்திய அரசு கட்டிய வீட்பேட்ச் முகாமுக்கு எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் வந்து பார்த்தார். 1939-இல் அவருடைய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவல் வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்டில் கெர்ன் மாவட்ட நிர்வாகக் குழு, தன் பள்ளிகளிலும் நூலகங்களிலும் அந்த நாவலைத் தடை செய்தது. கிரெட்சன் நீஃப் என்ற மாவட்ட நூலகர் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். தடை நீங்க 1941 ஆயிற்று. தன்னை வேலைக்கு வைத்திருந்த குழுவையே எதிர்த்து எழுதிய அந்தப் பெண்ணுக்கு இந்தச் சாலையில் ஒரு பெயர்ப்பலகையாவது வைக்கலாம்.

பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து அரை மணி நேரத்தில் டெலானோ. சாலையை விட்டு இறங்கிவிடச் சொன்னேன். ஊருக்கு மேற்கே கார்சஸ் சாலையில் 'ஃபார்ட்டி ஏக்கர்ஸ்' என்ற இடம். பெயர் சொல்வதுபோல் நாற்பது ஏக்கர் வெட்டவெளி. பழைய பெட்ரோல் பங்க் ஒன்று, கூட்டம் நடத்தும் கூடம் ஒன்று, முதியோர் குடியிருப்பு ஒன்று. 2008-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

1965 செப்டம்பர் 8-ஆம் தேதி, டெலானோ திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்த பிலிப்பினோத் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. அவர்கள் கேட்டது மணிக்கு 1 டாலர் 40 சென்ட், பெட்டிக்கு 25 சென்ட். தலைவர் லாரி இட்லியோங். அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் 1920-களிலும் 30-களிலும் இளைஞர்களாக வந்து, வெள்ளைக்காரப் பெண்ணை மணக்கச் சட்டம் விடாமல், குடும்பம் இல்லாமலேயே கிழவரானவர்கள். முன்பெல்லாம் பிலிப்பினோக்கள் வேலை நிறுத்தம் செய்தால் முதலாளிகள் மெக்சிகோக்காரர்களை அழைத்து வருவார்கள். அவர்கள் நிறுத்தினால் இவர்களை. இந்த முறை இட்லியோங் நேராக மெக்சிகோத் தொழிலாளர்களின் தலைவர் செசார் சாவேஸிடம் போனார். எட்டு நாளில், செப்டம்பர் 16 அன்று, சாவேஸும் டோலரஸ் ஹுவெர்ட்டாவும் நடத்திய சங்கம் ஊர் மாதா கோயிலில் கூடி, வேலை நிறுத்தத்தில் சேர முடிவெடுத்தது.

மறு ஆண்டு மார்ச் 17-இல் டெலானோவிலிருந்து தலைநகர் சேக்ரமெண்டோவுக்கு நடந்தார்கள். போர்ட்டர்வில், ஃப்ரெஸ்னோ, மடேரா, மெர்செட், மொடெஸ்டோ, ஸ்டாக்டன், லோடை என்று முந்நூறு மைலுக்கு மேல். சாவேஸ் காந்தியைப் படித்தவர். தண்டி யாத்திரையை அறிந்தவர். இரவில் அந்தந்த ஊர்த் தொழிலாளர் வீடுகளில் தங்கினார்கள். வழியிலேயே முதல் கம்பெனி பணிந்து ஒப்பந்தத்துக்கு வந்தது. ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறு அன்று தலைநகரை அடைந்தார்கள். மற்ற திராட்சை முதலாளிகள் இறங்கிவர 1970 ஜூலை 29 ஆயிற்று. கையெழுத்தானது ஃபார்ட்டி ஏக்கர்ஸின் இந்தக் கூடத்தில்தான். கூடத்துக்கு அப்பால் இருக்கும் அக்பயானி குடியிருப்பு, ஓய்வுபெற்ற பிலிப்பினோத் தொழிலாளர்களுக்காக 1974-இல் திறக்கப்பட்டது. மறியலில் நின்றபோது 1967-இல் மாரடைப்பால் இறந்த பாவ்லோ அக்பயானியின் பெயர் அதற்கு. சாவேஸை உலகுக்குத் தெரியும். முதலில் வேலையை நிறுத்தியவர்கள் பிலிப்பினோக்கள் என்பது டெலானோவைத் தாண்டினால் பலருக்குத் தெரியாது. இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சிறிது வடக்கே எர்லிமார்ட். அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஆலன்ஸ்வொர்த். அடிமையாகப் பிறந்து, ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்ற ஆலன் ஆலன்ஸ்வொர்த், கறுப்பின மக்களே ஆளும் ஊர் ஒன்று வேண்டும் என்று 1908-இல் நிறுவியது. பள்ளிக்கூடம், நூலகம், கடை எல்லாம் இருந்தன. தருவதாகச் சொன்ன தண்ணீரை நிலம் விற்ற கம்பெனி தரவில்லை. 1914-இல் ரயில் நிறுத்தத்தையும் பக்கத்து ஊருக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டே கர்னலும் மோட்டார் சைக்கிள் மோதி இறந்தார். ஊர் தேய்ந்தது. அரசு இப்போது கட்டடங்களைப் புதுப்பித்து வைத்திருக்கிறது.

டுலாரே பால் பண்ணை ஊர்; சாணி வாசனை கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் உள்ளே வந்தது. கிங்ஸ்பர்க், செல்மா தாண்டும்போது திராட்சைத் தோட்டத்தைப் பக்கத்தில் பார்க்க வாய்த்தது. எக்ஸிட் எடுத்து, மண் சாலையில் காரை நிறுத்தினோம். இரண்டு கொடி வரிசைகளுக்கு நடுவே, மண்ணைச் சீவி, தெற்கே சாய்வாக அணைத்து விட்டிருந்தார்கள். அதன்மேல் பழுப்புக் காகிதம். காகிதத்தின் மேல் விதையில்லாத பச்சைத் திராட்சைக் குலைகள், ஒன்றின்மேல் ஒன்று படாமல். அன்றே பறித்தது பச்சையாக இருந்தது. முன்னே பறித்தது தேன் நிறத்தில் சுருங்கத் தொடங்கியிருந்தது. அதற்கும் முந்தியது கறுத்திருந்தது. இரண்டு மூன்று வாரம் வெயிலில் கிடந்தால் திராட்சை கிஸ்மிஸ் ஆகிவிடும். மழை வந்தால் போச்சு. அறுவடை செய்துகொண்டிருந்தவர்கள் தலையையும் முகத்தையும் துணியால் மூடியிருந்தார்கள், பெண்கள் பாதிப்பேர். கொக்கி போல் வளைந்த சிறு கத்தி. குனிந்து, குலையை அறுத்து, தொட்டியில் போட்டு, காகிதத்தில் பரப்பி, அடுத்தது. நாற்பது டிகிரி வெயில். ஒருவரும் நிமிரவில்லை; எண்ணிக்கைக் கூலி. இப்போது கொடியிலேயே காயவைத்து இயந்திரத்தால் உதிர்க்கும் முறை வந்து, கையால் பரப்புவது குறைந்துகொண்டு வருகிறது. என் மருமகன் காருக்குத் திரும்பியபின் வெகுநேரம் பேசவில்லை.

ஃப்ரெஸ்னோவில் 99, ரயில் பாதையை ஒட்டி நகருக்குள்ளேயே போகிறது. 1950-களின் கடைசியில் இது ஃப்ரீவேயாக வந்தபோது, தண்டவாளத்துக்கு மேற்கே கறுப்பர்களும் சீனர்களும் ஜப்பானியர்களும் மெக்சிகோக்காரர்களும் வாழ்ந்த பகுதியை நகரின் மற்ற பாகத்திலிருந்து வெட்டிப் பிரித்தது. வெள்ளையர் குடியிருப்புகளில் அவர்களுக்கு வீடு விற்காத காலம் அது. ஏற்கெனவே தண்டவாளம் ஒரு வேலி. ஃப்ரீவே இரண்டாவது வேலி. இந்தப் பயணம் முழுவதும் நான் கண்டது இதுதான். பழத்தைச் சுமப்பதற்குச் சாலை போட்டார்கள். பழத்தைப் பறிக்கிறவர்களின் தெருவை எப்போதும் சாலைக்கு அந்தப் பக்கமே விட்டார்கள்.

ஷா அவென்யூ எக்ஸிட்டில் இறங்கினால், ஃப்ரீவேக்குப் பக்கத்திலேயே ஃபாரஸ்டியேர் நிலத்தடித் தோட்டம். சிசிலித் தீவிலிருந்து வந்த பால்டசாரே ஃபாரஸ்டியேர் எலுமிச்சை, ஆரஞ்சு வைக்க நிலம் வாங்கினார். இரண்டடிக்குக் கீழே மண் பாறையாக இறுகிக் கிடந்தது. வெயிலுக்குப் பயந்து கீழே ஒரு நிலவறை தோண்டத் தொடங்கியவர், 1906 முதல் 1946-இல் இறக்கும்வரை நிறுத்தவே இல்லை. கடப்பாறை, மண்வெட்டி, தள்ளுவண்டி; பிறகு கோவேறு கழுதை இழுக்கும் 'ஃப்ரெஸ்னோ ஸ்கிரேப்பர்'. இந்த மண்வாரி 1883-இல் இதே ஊரில் ஜேம்ஸ் போர்ட்டியஸ் உருவாக்கியது. பள்ளத்தாக்கின் வாய்க்கால், சாலை வேலைகளுக்கு மட்டுமல்ல, பனாமா கால்வாய் வேலைக்கும் அது பயன்பட்டது. உள்ளே இறங்கினால் வளைவு வளைவாகக் கூடங்கள், படுக்கையறை, சமையலறை, சிறு தொழுகையிடம். கூரையில் வட்டத் துளை. அதன் அடியில் எலுமிச்சை மரம், தலை மட்டும் தரைக்கு மேலே. தரைமட்டத்தில் நின்று குனிந்து பழம் பறிக்கலாம். மேலே வெயில் கொளுத்தியது. கீழே சட்டை வியர்வை காய்ந்துவிட்டது. பள்ளிக்கூடமே அதிகம் காணாத ஒருவர் தனியாகச் செய்த வேலை இது. கலிபோர்னியாவில் நான் பார்த்த இடங்களில் இதைத்தான் முதலாவதாகச் சொல்வேன்.

மடேராவுக்குத் தெற்கே, நடுத்திட்டில் ஒரு பனைவகை மரமும் ஒரு தேவதாருவும் அருகருகே நடப்பட்டுப் பிரபலமாயின. தெற்குக்குப் பனை, வடக்குக்குத் தேவதாரு என்பார்கள். சௌசில்லா பக்கம் முன்பு ஆரஞ்சு வடிவத்தில் உருண்டையாகக் கட்டிய பழரசக் கடைகள் இருந்தன. காரில் ஏசி இல்லாத காலத்தில் அங்கே நின்று தொண்டையை நனைக்காமல் யாரும் போனதில்லை. ஃப்ரீவேயில் ஓரமாக நிறுத்த முடியாது என்று ஆனதும் அவை ஒவ்வொன்றாக மூடின.

லிவிங்ஸ்டன் சிற்றூர். ஃப்ரீவே ஆகாமல் இங்கே மட்டும் ஒரு சிக்னல் வெகுகாலம் நின்றது. 1996-இல் சுற்றுவழி திறந்த பிறகுதான் பள்ளத்தாக்கின் தென்கோடியிலிருந்து சேக்ரமெண்டோ வரை நிற்காமல் போக முடிந்தது. இந்தப் பக்கம் பஞ்சாபிகள் நிறைய. லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு தாபா. பரோட்டாவும் சூடான டீயும் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்து மேசையில் இருந்த டிரைவர், கண்டெய்னரில் பாதாம் ஏற்றி ஓக்லண்ட் துறைமுகத்துக்குப் போவதாகச் சொன்னார். உலகத்துப் பாதாமில் ஐந்தில் நான்கு பங்கு கலிபோர்னியாவில் விளைகிறது. வெளிநாடுகளில் மிக அதிகம் வாங்குவது இந்தியா.

"வெயில் ஒண்ணுமில்லை, பனிமூட்டம்தான் பயம்" என்றார் அவர் இந்தியில். குளிர்காலத்தில் மழை பெய்த மறுநாள், ஈரத் தரையிலிருந்து கிளம்பும் மூட்டம் பள்ளத்தாக்கை நிரப்பிவிடும். முன்னால் போகிற வண்டியின் விளக்கே தெரியாதாம். பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காதால் கேட்டுக்கொண்டு ஓட்டுவாராம். 2007 நவம்பரில் ஃப்ரெஸ்னோ அருகே 99-இல் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றோடொன்று மோதியது அப்படி ஒரு காலையில்தான். குறுகிய லேன், கிட்டக்கிட்ட எக்ஸிட், ஓயாத லாரி; அமெரிக்காவில் அதிக உயிரிழப்பு நடக்கும் சாலைகளின் வரிசையில் இதன் பெயர் அடிக்கடி வரும். 2006-இல் வாக்காளர்கள் ஏற்ற கடன்பத்திரத்தில் 100 கோடி டாலர் இந்த ஒரு சாலைக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆறு லேனாக்கும் வேலை அதிலிருந்து பகுதி பகுதியாக நடக்கிறது.

டர்லாக், மொடெஸ்டோ, மேன்டீகா. வழியெல்லாம் பாதாம் தோப்பு. இயந்திரம் மரத்தின் அடியைப் பிடித்துச் சில நொடி உலுக்குகிறது. காய் மழையாகக் கொட்டுகிறது. புழுதி ஃப்ரீவே வரைக்கும் வருகிறது.

ஸ்டாக்டனில் 1912-இல் தொடங்கிய குருத்வாரா இருக்கிறது, அமெரிக்காவின் முதலாவது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜுவாலா சிங் உருளைக்கிழங்கு விவசாயி. மறு ஆண்டு இந்திய விடுதலைக்காகக் கதர் (Ghadar) கட்சி உருவானபோது அவர் அதன் துணைத் தலைவர்களில் ஒருவர். ஒரு மாநிலமே ஆசியக் குடியேறிகளுக்கு விவசாய நிலம் விற்கக் கூடாது என்று 1913-இல் சட்டம் போட்ட நேரத்தில், இந்த மனிதர்கள் இங்கே உழைத்த காசை இந்திய விடுதலைக்குக் கொடுத்தார்கள். கூடத்தில் லங்கர் என்ற அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டோம். அதே ஊரில் 'லிட்டில் மனிலா' என்ற பகுதி இருந்தது. டெலானோவில் வேலையை நிறுத்தினார்களே, அந்த பிலிப்பினோத் தொழிலாளர்கள் பருவம் முடிந்து வந்து தங்கிய ஹோட்டல்களும் சாப்பாட்டுக் கடைகளும் முடிதிருத்தகங்களும் அங்கே இருந்தன. 99-ஐ ஐந்தாம் எண் சாலையோடு இணைக்கும் குறுக்கு ஃப்ரீவேக்காக அதில் பெரும்பகுதியை இடித்தார்கள்.

சேக்ரமெண்டோவுக்கு வடக்கே 99 பாதி தூரம் சாதாரணச் சாலைதான். யூபா சிட்டியில் நவம்பர் முதல் ஞாயிறன்று நடக்கும் சீக்கியர் ஊர்வலத்துக்குப் பெருங்கூட்டம் வரும். 2017 பிப்ரவரியில் ஓரோவில் அணையின் மதகுவழி உடையும் என்று பயந்து, ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேறச் சொன்னபோது இந்தச் சாலை அடைத்துக்கொண்டது. 2018 நவம்பரில் பாரடைஸ் ஊர் எரிந்து 85 பேர் மாண்டபோது, தப்பியவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்தது சிக்கோவுக்கு, இதே சாலைக்கு. அந்தப் பகுதியை நான் இன்னும் பார்க்கவில்லை.

கலிபோர்னியாவில் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வடக்கே போவதாக இருந்தால் 99-இல் கூட்டிப் போகச் சொல்லுங்கள். டிசம்பர், ஜனவரி காலைகளைத் தவிருங்கள். திராட்சை காய்வதைப் பார்க்க ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர், பாதாம் பூப்பதைப் பார்க்க பிப்ரவரி. டெலானோவிலும் ஃப்ரெஸ்னோவிலும் ஸ்டாக்டனிலும் கட்டாயம் எக்ஸிட் எடுத்து இறங்குங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் அரளியையும் லாரியையும் தவிர எதுவும் தெரியாது. நடுவில் ஓர் இரவு ஃப்ரெஸ்னோவில் தங்கினால் எல்லாம் பார்க்கலாம்.